மூன்றாம் நாள் சொல்ல வேண்டிய விஷயம்

"பாப்பா, இவங்க பிரெஞ்சுக்காரங்கதான?"

டிரைவர் பச்சமுத்து பேச்சை ஆரம்பித்தது இப்படித்தான். செஞ்சிக்கோட்டைக்குப் போகிற சாலையில், நெடுமாறனின் டீக்கடை முன்னால். விருந்தினர்கள் இன்னும் லாட்ஜிலிருந்து இறங்கி வரவில்லை. அவர்களுக்கு மொழிபெயர்க்கும் சுமலதா சூடான டீ கிளாஸைத் துப்பட்டா நுனியால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆமாண்ணே. லியோன்னு ஒரு ஊரு."

"இங்கிலீஸ்காரங்க இல்லியே?"

"இல்லண்ணே."

"நல்லா தெரியுமா?"

"பாஸ்போர்ட்ட பாத்துட்டுதாண்ணே லாட்ஜ்ல ரூம் குடுத்தாங்க."

நெடுமாறன் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா பச்சமுத்து, சம்பந்தம் பேசப் போறியா? இவ்ளோ விசாரிக்கிற?"

"ஆமா, உனக்குத்தான் பாக்கறேன். வெள்ளக்காரிக்கு டீ போடத் தெரியுமான்னு கேட்டுக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பச்சமுத்து அவளைக் கார் நிற்கும் பக்கமாக வரும்படி தலையசைத்தார். அங்கே போனதும் குரல் மாறிவிட்டது.

"ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு, மனசுல வெச்சிக்க மாட்டேன்."

"சொல்லுங்கண்ணே."

அவர் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், முதுகில் பையோடு, நீலச் சட்டை போட்ட ஒரு பையன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான்.

"எம்புள்ள, இனியன். கம்போடியால இருக்கான். இருக்கான்னுதான் நெனச்சிக்கினு இருக்கோம். பேசி ஒண்ணர வருசமாவுது."

"எந்த வேலைக்குண்ணே?" என்று கேட்டாள் சுமலதா.

"கம்ப்யூட்டர் வேலன்னு ஏஜெண்டு சொன்னான். போனப்புறம்தான் அது ஆளுங்கள ஏமாத்தற கம்பெனின்னு தெரிஞ்சிது. வெளிய உடமாட்டறாங்க." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த நாட்ட முந்தி பிரெஞ்சுக்காரங்கதான ஆண்டாங்க? பாண்டிச்சேரி மாதிரி?"

"ஆமாண்ணே. ஆனா அது ரொம்ப நாளைக்கி முன்னாடி."

"பாண்டிச்சேரியும் ரொம்ப நாளைக்கி முன்னாடிதான். இன்னிக்கும் அவங்க ஆபீஸ் இருக்குதே. அவங்க பட்டாளத்துல சேந்து சைகோன்ல சண்ட போட்டவங்க குடும்பத்துக்கு இன்னும் பென்சன் வருதே. அந்த மாதிரி அங்கியும் ஒரு ஆபீஸ் இருக்குமில்ல. இவங்க ஒரு வார்த்த சொன்னாங்கன்னா..."

"இவங்க ரெண்டு பேரும் ரிட்டயரான வாத்தியாருங்கண்ணே."

"வாத்தியாருன்னா இன்னும் நல்லதுதான். அவங்ககிட்ட படிச்ச புள்ள எவனாச்சும் இந்நேரம் பெரிய ஆபீசரா இருப்பான்."

மறுத்துச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனாலும் "இப்பவே சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டாள்.

"வேணாம், வேணாம்." அவர் பதறினார். "ஊரு சுத்திப் பாக்க வந்தவங்க. மொத நாளே சொன்னா டென்சனாயிடுவாங்க. மொதலாளி பீமாராவ் சாருக்குத் தெரிஞ்சா என் வண்டிச்சாவிய வாங்கிடுவாரு. மூணாவது நாளு, பாண்டிச்சேரில எறங்கறப்ப சொல்லு. இந்தப் போட்டோவ அவங்க போன்ல வாங்கிக்கினாங்கன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேண்ணே" என்றாள் சுமலதா. அதற்குள் விருந்தினர்கள் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் படியிறங்கி வந்துவிட்டார்கள். பச்சமுத்து ஓடிப்போய்க் கார்க்கதவைத் திறந்து நின்றார்.

அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வல்லம் பக்கத்துக் கிராமம். அவருடைய நைனா காலம் முழுக்க அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியவர். அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். பச்சமுத்து பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நெல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு செஞ்சியில் பீமாராவின் டிராவல்ஸில் சேர்ந்தார். மனைவி மீனம்பாள் அங்கன்வாடியில் உதவியாளர். ஒரே பிள்ளை. தாத்தாவின் முதுகில் விழுந்த வெயில் பேரன்மேல் விழக்கூடாது என்பதில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பிடிவாதம். இனியன் அவர்கள் தெருவில் கல்லூரி முடித்த முதல் ஆட்களில் ஒருவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்போதுதான் ஏஜெண்ட் வந்தார்.

போன புதிதில் அவன் தினமும் பேசினான். பிறகு வாரம் ஒருமுறை. பேசும்போது யாரோ பக்கத்தில் நின்று கேட்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினான். கடைசியாகப் பேசியது பச்சமுத்துவிடம். "நைனா, இங்க வேல சொன்ன மாதிரி இல்ல. அம்மாகிட்ட சொல்லாத" என்றான். அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு மணி போகவே இல்லை.

மனு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் விசாரிப்பதாகச் சொன்னார்கள்; விசாரித்தும் இருப்பார்கள். அந்த மாதிரி இடங்களிலிருந்து மீட்கப்பட்டு இளைஞர்கள் ஊர் திரும்பியதாகப் பேப்பரில் வந்தபோதெல்லாம் பச்சமுத்து லீவு போட்டுவிட்டு அவர்களைத் தேடிப் போனார். அவர்களில் ஒருவன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியலண்ணா. அங்க எல்லாருக்கும் வேற பேரு வெச்சிடுவாங்க. மூஞ்சியும் இப்பிடி இருக்காது" என்றான். வீட்டுக்கு வந்து அதில் முதல் வார்த்தையை மட்டும் மீனம்பாளிடம் சொன்னார்.

இவ்வளவும் சுமலதாவுக்கு ஒரே தடவையில் தெரிந்துவிடவில்லை. மூன்று நாள் பயணத்தில், விருந்தினர்கள் படம் எடுக்க இறங்கிய இடங்களில், துண்டு துண்டாக அவரே சொன்னது. அவள் செஞ்சிப் பெண்தான், காந்தி பஜாருக்குப் பின்தெரு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள். தமிழில் பேசவே தயங்குகிற பெண் இன்னொரு பாஷை படித்து என்ன செய்யப்போகிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் மற்றவர் பேசியதை எடுத்துச் சொல்வது அவளுக்கு எளிதாக இருந்தது. அதில் அவளுடைய சொந்த வார்த்தை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பீமாராவ் மூன்று நாள் சுற்றுலா ஒன்றைத் தயார்செய்து அவளை வேலைக்குக் கூப்பிட்டார். சேரும்போது அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று: "அவங்க சொல்றத இவங்களுக்குச் சொல்லு, இவங்க சொல்றத அவங்களுக்குச் சொல்லு. நடுவுல உன் சரக்க சேக்காத."

முதல் நாள் கோட்டை. கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு ராஜகிரி ஏறினார்கள். மதாம் க்ளேருக்கு அறுபதுக்கு மேல். ஆனால் மூச்சு வாங்காமல் ஏறினார். அவருடைய கணவர் மிஷேல் பாதியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. பழத்துக்கு வருத்தப்படாமல் அது எவ்வளவு நேர்த்தியாகத் தோலுரித்தது என்று மனைவியிடம் விவரித்தார். நல்ல மனிதர்கள்தான்.

உச்சியிலிருந்து பார்த்தபோது, யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் எல்லாப் பக்கமும் பாறைக் குன்றுகள். நடுநடுவே வயல்களின் பச்சை. எதிரில் ராணிக்கோட்டை. கீழே, மரத்தடியில், அரிசி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

"அது நம்முடைய காரா?" என்று மதாம் கேட்டார். "அவர் நாள் முழுவதும் அங்கேயே இருப்பாரா? ஒருமுறைகூட மேலே வந்ததில்லையா?"

இறங்கியதும் சுமலதா அதைக் கேட்டாள். பச்சமுத்து சிரித்தார். "டிரைவருக்கு இன்னா பாப்பா மேல வேல? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எந்த ஊருல எந்த மரத்து நெழலு எந்தப் பக்கம் சாயும்னுதான்." பிறகு, "மேலருந்து இன்னா தெரிஞ்சிது?" என்றார்.

"நம்ம காரு தெரிஞ்சிதுண்ணே."

"அதப் பாக்கறதுக்கா அவ்ளோ தூரம் ஏறுனாங்க?"

சாயங்காலம் வெங்கடரமணர் கோயிலுக்குப் போனார்கள். அங்கே மட்டும் அவர் காரைப் பூட்டிவிட்டு உடன் வந்தார். கோயிலின் கல்தூண்களில் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சிக்காலத்தில் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள், இன்றும் கடற்கரையில் நிற்கின்றன என்று சுமலதா விருந்தினர்களுக்குச் சொன்னாள். மிஷேல் அசட்டுச் சிரிப்போடு தோளைக் குலுக்கினார். அவள் என்ன சொன்னாள் என்று பச்சமுத்து கேட்டுத் தெரிந்துகொண்டார். திரும்பி நடக்கும்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"எவ்ளோ பெரிய தூணு. இங்கருந்து இத தூக்கினு போனவங்களுக்கு, அங்கருந்து ஒரு ஆள தூக்கினு வர முடியாதா பாப்பா?"

இரண்டாம் நாள் காலையில் சிங்கவரம். மலைமேல், பாறையைக் குடைந்த கருவறையில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். போருக்குப் புறப்படுவதற்கு முன் தேசிங்கு ராஜன் வந்து உத்தரவு கேட்டபோது, போகாதே என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் கேட்காமல் போய்ச் செத்தான் என்பது அந்தப் பக்கத்துக் கதை. சுமலதா சொன்னபோது மதாம் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சமுத்து மலையடிவாரத்தில் இருந்தார். "சாமி பாத்தாங்களா? மீனா மாசாமாசம் வந்து இங்கதான் ஒக்காந்துக்கினு இருப்பா" என்றார். காரைக் கிளப்பி வளைவு திரும்பிய பிறகு, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "சாமி மூஞ்சியத் திருப்பிக்கினாரு. நான் காரப் போட்டுக்கினு போயி புள்ளய ஏர்போர்ட்ல உட்டுட்டு வந்தேன்" என்றார். பின் இருக்கையிலிருந்து மதாம், அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். பாதை கொஞ்சம் மோசம் என்கிறார் என்று சொன்னாள் சுமலதா. அந்த மூன்று நாளில் அவள் மாற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

மதியம் தொண்டூர். பாறைக்கடியில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கல்படுக்கைகள். மிஷேல் ஒன்றில் மல்லாந்து படுத்து, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "அய்யாவுக்கு ஒரு தலகாணி கேட்டுப்பாரு பாப்பா, பீமாராவ் சாரு பில்லுல சேத்துடுவாரு" என்றார் பச்சமுத்து. இதை அவள் எடுத்துச் சொன்னதும் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பச்சமுத்துவும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சுமலதாவுக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இவர்கள் நல்லவர்கள், படத்தை வாங்கிக்கொள்வார்கள், யாரையாவது கேட்கவும் செய்வார்கள். வாங்கிக்கொண்டால் போதுமே என்று நினைத்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு திருநாதர்குன்றுக்கு வந்தார்கள். செஞ்சிக்குப் பக்கத்திலேயே உள்ள சின்னக் குன்று. உச்சியில் பெரிய பாறை ஒன்றின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில், உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட ஒரு துறவியைப் பற்றிய பழைய கல்வெட்டு. தண்ணீர்ப் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு பச்சமுத்துவும் மேலே வந்திருந்தார். நல்ல காற்று. எல்லோரும் பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். மதாம் க்ளேர் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து முதலில் அவருக்குக் கொடுத்தார்.

"அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள், சுமலதா."

அவள் கேட்டாள். மூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களே கேட்டுவிட்டார்கள்.

பச்சமுத்து பிஸ்கட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு பையன்னு சொல்லு. பாரின்ல இருக்கான்."

சொன்னாள்.

"எப்படி இருக்கிறான்?" என்றார் மதாம்.

"நல்லா இருக்கான்னு சொல்லு. கம்ப்யூட்டர் வேல."

சுமலதா அவர் முகத்தைப் பார்த்தாள். விருந்தாளிக்கு முன்னால் வைத்துக்கொள்கிற அந்தச் சிரிப்போடு மதாமைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"நீங்கள் பெருமைப்பட வேண்டும்" என்றார் மதாம். "அடிக்கடி ஊருக்கு வருவானா?"

"அடுத்த பொங்கலுக்கு வரான்னு சொல்லு."

அதையும் சொன்னாள். மதாம் மகிழ்ந்துபோய் இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்.

குன்றிலிருந்து இறங்கும்போது சுமலதா பின்தங்கி அவரோடு நடந்தாள். "ஏண்ணே அப்பிடிச் சொன்னீங்க?"

"எப்பிடி?"

"நல்லா இருக்கான்னு."

அவருக்கு அவள் கேள்வியே புரியவில்லை. "பின்ன இன்னா சொல்வாங்க பாப்பா? புள்ள எப்பிடி இருக்கான்னு கேட்டா நல்லா இருக்கான்னுதான் சொல்லுவாங்க. பெத்தவன் வாயால வேற மாதிரி சொல்லலாமா? சொன்னா அப்பிடியே ஆயிடாதா? எங்க தெருவுல கேட்டாலும் மீனா அதத்தான் சொல்றா."

"நாளைக்கி நான் எப்பிடிண்ணே மாத்திச் சொல்றது?"

"நாளைக்கி சொல்றது வேற. அது மனு மாதிரி. இது சும்மா சௌக்கியம் விசாரிக்கிறது." அவளுக்குத் தைரியம் சொல்வதுபோல், "பெரியவங்க, புரிஞ்சிக்குவாங்க" என்றார்.

தமிழில் அது சுமலதாவுக்கும் புரிந்தது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வரிசையில் நிற்பவரைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டால், சௌக்கியம் என்றுதான் பதில் வரும். கேட்டவரும் மனுவைப் படித்துவிட்டு, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கமாட்டார். ஆனால் பிரெஞ்சில் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது எல்லா வாக்கியமும் சாக்குப்போக்கு போலவே வந்தது.

அன்று லாட்ஜில் அவர்களை விட்டுவிட்டு வெளியே வந்தவள் மறுபடி மாடி ஏறினாள். இன்றே போய் உண்மையைச் சொல்லிவிட்டால் நாளைக்குச் சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. அறைக்கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே மிஷேல் கல்படுக்கைக் கதையை யாருக்கோ போனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்று பச்சமுத்து சொன்னது நினைவுக்கு வந்தது. உன் சரக்கைச் சேர்க்காதே என்று பீமாராவ் சொன்னதும். அவள் கதவைத் தட்டாமல் இறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் மண்டகப்பட்டு. வயல்களுக்கு நடுவே ஒரு பாறை, அதில் குடைந்த பல்லவர் கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டியது என்று கட்டிய அரசனே கல்லில் எழுதிவைத்திருக்கிறான். இரண்டு பக்கமும் வாயில்காவலர்கள் தடியோடு நிற்கிறார்கள். உள்ளே மூன்று கருவறைகளும் காலி. "இவ்வளவு பெரிய காவல், உள்ளே யாரும் இல்லை" என்றார் மிஷேல். சுமலதாவால் அன்று எதையும் சரியாகக் கேட்க முடியவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். பச்சமுத்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியில் மீனம்பாள் போன் செய்தாள். "இன்னும் இல்ல, எறங்கறப்பதான்" என்று சொல்லி வைத்தார்.

புதுச்சேரியில் அவர்களுடைய ஓட்டல் மரங்கள் மூடிய ஓர் அமைதியான தெருவில் இருந்தது. பச்சமுத்து பெட்டிகளை இறக்கி வைத்தார். கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு, படத்தைத் திறந்து, போனை இரண்டு கையாலும் ஏந்தி அவர்கள் முன்னால் நீட்டினார். சுமலதாவைப் பார்த்தார்.

அவள் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். ஏஜெண்டைப் பற்றி, ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்கும் இடத்தைப் பற்றி, ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லாததைப் பற்றி. முதலில் மதாமின் முகம் கலங்கியது. அவர் போனை வாங்கக் கையை நீட்டினார். அப்போது மிஷேல் மெதுவாக, "ஆனால் நேற்று அவன் நன்றாக இருக்கிறான் என்றாரே. ஏதோ பண்டிகைக்கு வருகிறான் என்று" என்றார்.

மதாமின் கை நின்றது.

"இங்கே அப்படிக் கேட்டால் எல்லோரும் அப்படித்தான் பதில் சொல்வார்கள், ஐயா. அது ஒரு பழக்கம்" என்றாள் சுமலதா. அவளுக்கே தன் குரல் பொய் சொல்கிறவள் குரல் மாதிரிக் கேட்டது.

"மகன் செத்துவிட்டானா இருக்கிறானா என்று தெரியாதபோதுமா?" என்றார் மிஷேல்.

"ஆமாம். அப்போதுதான் இன்னும்."

மிஷேல் மனைவியைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "கிளம்புவதற்கு முன்னால், இந்த மாதிரிக் கதை சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பற்றி நமக்குச் சொன்னார்கள், க்ளேர். ஞாபகம் இருக்கிறதா?" பிறகு சுமலதாவிடம் கேட்டார்: "எங்களிடம் ஏன் சொல்கிறார்?"

கம்போடியாவைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதைப் பற்றிப் பச்சமுத்து நினைப்பதை அவள் சொன்னாள். மிஷேலுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்கள் பிறப்பதற்கு முன்பே அதெல்லாம் முடிந்துவிட்டது, மத்மசேல்." பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். பச்சமுத்து ஏந்தியிருந்த போனின் மேலேயே அதை வைத்து, இரண்டு கையாலும் அவர் கைகளை மூடி அழுத்தினார். நோட்டு பையனுடைய முகத்தை மறைத்தது.

"இது எதுக்கு பாப்பா?"

"டிப்ஸ்ணே."

"போட்டோ வாங்கிக்கலியா?"

"இல்லண்ணே."

பச்சமுத்து நோட்டையும் போனையும் சேர்த்துப் பிடித்தபடியே அவர்களைக் கும்பிட்டார். "நல்லபடியா ஊரு போயி சேரச் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். மதாம் க்ளேர் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

திரும்பும் வழியில் மயிலம் தாண்டும்போது, "நீ எல்லாம் சரியாத்தான் சொன்ன" என்றார் பச்சமுத்து. கேள்வியா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சொன்னேண்ணே."

"நேத்து நான் சொன்னதுதான் கெடுத்துட்டுது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆமாம் என்று அதற்குப் பொருள். அவருக்கும் அது தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் நேற்றைப் பற்றியும் பேசவில்லை, அவளைக் குறை சொல்லவும் இல்லை. எதிரே வந்த லாரிக்கு வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார்.

அந்தப் பயணத்துக்குப் பிறகும் பச்சமுத்து பீமாராவின் காரைத்தான் ஓட்டுகிறார். இனியனைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை. போன மாதம் ஜெர்மனியிலிருந்து, பிரெஞ்சு பேசத் தெரிந்த ஒரு குழு வந்தது. அவர்கள் அந்த நாட்டை ஆண்டார்களா என்று அவர் சுமலதாவிடம் கேட்கவில்லை. வாசலில் படத்தை எடுத்து நீட்டவும் இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று அவர்களில் ஒருவர் கேட்டபோது, சௌக்கியம் என்று சொல்லச் சொன்னார், அவள் சொன்னாள். ஓட்டலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்துகொண்டார். மீனம்பாள் சிங்கவரத்துக்குப் போவது நிற்கவில்லை. தெருவில் யாராவது கேட்டால் அவளும் பழைய பதிலையே சொல்கிறாள். ஆனால் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களை விட்டுவிட்டுத் திரும்பிய அன்று, கூட்டேரிப்பட்டு தாண்டும்போது நன்றாகப் பொழுது சாய்ந்திருந்தது. மீனம்பாளின் போன் வந்தது. அவர் எடுக்கவில்லை. மணி ஓய்ந்து மறுபடி அடித்தது. காரைச் சாலையோரம் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்து, "இரு மீனா, கூடதான் இருக்காங்க" என்றார். சுமலதா திரும்பிப் பார்த்தாள். காரில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

"பாப்பா, அந்தம்மா மாதிரி அவகிட்ட பிரெஞ்சுல ரெண்டு வார்த்த பேசும்மா. இன்னா வேணா பேசு, அவளுக்குப் புரியப் போறதில்ல. யாரோ ஒரு வெள்ளக்காரம்மா நம்ம புள்ளயப் பத்திப் பேசறாங்கன்னு அவ காதுல வுழுந்தா போதும்."